வேகாத கணவாயின் வெள்ளை

இளைய பல்மருத்துவர்களே, சிரிப்பைத் திருத்தித் தருகிறோம் என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறீர்கள். நல்லது. நானும் மாட்டினேன். சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால், ஒரு மாடியறையில், இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்து, ஐம்பத்துநான்கு வயதிலேயே நாற்காலியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கை இன்னும் அடங்கவில்லை. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கொட்டாவி விட்டால் எட்டிப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். யாராவது ஒருவர் வாயைத் திறந்தபடி கேட்பீர்கள் என்ற ஆசையில்.

முதலில் ஒன்று. வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது. முருங்கைப்பூ ஒரு வெள்ளை. அவித்த முட்டை ஒரு வெள்ளை. மழைக்கு முந்திய கொக்கு ஒரு வெள்ளை, மழையில் நனைந்த கொக்கு வேறொரு வெள்ளை. பல்லின் நிறத்தை ஒத்துப் பார்க்க நம் கையில் இருக்கும் ஷேட் கைடில் பதினாறு மாதிரிப் பற்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பதினாறு! உலகத்தில் இத்தனை வாய்கள் இருக்க, பதினாறு பல்லை ஆட்டிக்கொண்டு நிற்கிறோம். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இதை நான் இரண்டு தவணையாகக் கற்றேன். முதல் தவணை ஒரு ஜவுளிக்கடை விற்பனையாளர். மேல்வரிசை முன்பல் ஆறுக்கும் பீங்கான் உறை போட வந்தவர், இருப்பதிலேயே வெளுத்ததைத் தொட்டு, "இதான் வேணும்" என்றார். நான் வாதாடவில்லை. கேட்பதைக் கொடுப்பதுதான் மரியாதை என்று அப்போது நினைத்திருந்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார்.

"டாக்டர், கடையில எனக்குப் பேரு டியூப்லைட்டு."

"பொறாமையில சொல்றாங்க."

"இல்ல டாக்டர். கரண்டு போனா என்னைச் சிரிக்கச் சொல்றானுங்க."

மாற்றிக் கொடுத்தேன். ஆனால் அந்த நாளிலிருந்து எனக்கு வெளுப்பைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. இரண்டு நிறத்துக்கு நடுவே சந்தேகம் வந்தால் பழுப்பின் பக்கம் ஒதுங்குவேன். இந்தப் பயத்தை அனுபவம் என்று பேர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அழைப்பீர்கள், பாருங்கள்.

அப்படியிருக்கும்போதுதான் ரேவதி வந்தாள்.

கிள்ளைப் பக்கத்து மீனவக் குடும்பம். எட்டாம் வகுப்பில் படகு விளிம்பில் வழுக்கி விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று அடிபட்டு, உள்ளே செத்து, மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகிவிட்டது. இப்போது பட்டப்படிப்பு முடித்துச் சில வருடமாகி, கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அவளுடைய அம்மா கைப்பேசியில் நிச்சயதார்த்தப் படங்களைக் காட்டினார். நாற்பது படம் இருக்கும். நாற்பதிலும் ரேவதியின் உதடு ஒட்டியிருந்தது.

"போட்டோக்காரரு கத்துறாரு டாக்டரம்மா," என்றார் அம்மா. "'பாஸ்போர்ட்டுக்கா எடுக்குறேன், சிரிம்மா'ன்னு. இவ வாயையே தொறக்கல. மாப்ள வூட்டுல, பொண்ணுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்லையான்னு கேட்டுட்டாங்க."

ரேவதி கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர். கல்யாணத்தன்னைக்கு நான் நல்லா சிரிக்கணும். பல்லு தெரிய."

பதினோரு வருடமாக ஒரு பெண் கையை வாயருகே வைத்தபடி வாழ்ந்திருக்கிறாள். எனக்குள் என்னவோ குதித்தது. இந்த வேலைக்காகத்தானே வந்தோம்!

வேர்ச் சிகிச்சை ஒழுங்காக முடிந்தது. பல்லைச் செதுக்கி, நிறம் பார்த்து, அளவெடுத்து உறைக்கு அனுப்ப வேண்டிய நாளில்தான் தப்பு செய்தேன். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. அன்று காலையில்தான் அவளுக்கு முதல் நலங்கு. கன்னம், கழுத்து, நெற்றி, உதட்டோரம் எல்லாம் மஞ்சள். கட்டியிருந்த புடவை மஞ்சள். கையில் இருந்த எலுமிச்சம்பழம்கூட மஞ்சள். என் அறைக்குள் ஒரு பூசணிப்பூ நடந்து வந்ததுபோல் இருந்தது.

"மொகத்தக் கழுவிட்டு வந்துடும்மா," என்றேன்.

கூட வந்திருந்த அத்தை பதறினார். "ஐயோ, நலங்கு மஞ்சள பொழுது சாயாம கழுவக் கூடாதுங்க."

வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். சரி என்று விட்டுவிட்டேன். அந்த மஞ்சள் நடுவே ஷேட் கைடைப் பிடித்துப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன், ரொம்ப நேரம் பார்த்தேன். மஞ்சளில் ஊறிய கண்ணுக்கு மஞ்சள் தெரியாது. உப்புக்கண்டம் போடுகிறவர் நாக்குக்கு உப்பு உறைக்காததுபோல. எல்லா மாதிரியும் எனக்கு ஒரே வெளுப்பாகத் தெரிந்தன. டியூப்லைட் ஞாபகம் வந்தது. பழுப்பின் பக்கம் ஒதுங்கினேன். அந்த மாதிரியின் எண்ணை எழுதி, ஒரு படமும் எடுத்து, உறை செய்கிற லேபுக்கு அனுப்பினேன்.

லேப் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில். நடத்துபவர் பாலமுருகன். குமராட்சிப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பல்லாக்குகிற கை. நாம் எண்ணில் எழுதுகிறதை அவர் அரிசியில் படிப்பார். "இது பச்சரிசி மேடம், மாவா இருக்கும். இது புழுங்கல், வெளிச்சம் உள்ள போய் வரும்." அன்று சாயங்காலமே கூப்பிட்டார்.

"மேடம், நம்பர் ஒண்ணு சொல்லுது, போட்டோ ஒண்ணு சொல்லுது. எதை நம்பட்டும்?"

"நம்பரை நம்புங்க. கண்ணால பாத்து எழுதினது."

"பொண்ணு மொகமெல்லாம் மஞ்சளா இருக்குதே?"

"கல்யாணப் பொண்ணு மஞ்சளாத்தான் இருக்கும் பாலமுருகன். வேலையப் பாருங்க."

ஒருவர் கதவைத் தட்டி எச்சரிக்கிறார். நான் உள்ளே தாழ்ப்பாள் போடுகிறேன். அந்தத் தாழ்ப்பாளின் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை ஒன்பது மணி. உறை வந்துவிட்டது. ரேவதி குளித்து, முகம் துலங்கி வந்தாள். கூடவே அம்மா, தாய்மாமன் ஏழுமலை. மாமாவுக்கு மீன் ஏற்றுகிற குட்டியானை என்கிற சின்ன லாரி சொந்தமாக உண்டு. அந்த வண்டியில்தான் வந்திருந்தார்கள், அறையெங்கும் கடல் வாசம். அதுவரை மாட்டியிருந்த பிளாஸ்டிக் தற்காலிகப் பல்லைக் கழற்றி, உறையை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. விளக்கு வெளிச்சத்தில் குறை தெரியவில்லை. உதவியாளர் ஜெயாவுக்குத் தலையசைத்தேன். அவர் சிமெண்ட்டைக் கலக்க ஆரம்பித்தார். கலந்தால் இரண்டு நிமிடம். அதற்குள் ஒட்டியாக வேண்டும்.

அந்த இரண்டு நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

ஏன் என்று தெரியாது, விளக்கை அணைத்துவிட்டு ரேவதியின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன். பகல் வெளிச்சம் பொய் சொல்லாது. பக்கத்துப் பல்லுக்கு அருகே நான் வைத்த பல் பழுத்துப் போய் நின்றது. கதிரில் ஒரு சோளமணி முற்றியதுபோல.

"நல்லாருக்கு டாக்டரம்மா," என்றார் அம்மா. "முன்ன இருந்த கறுப்புக்கு இது ராஜா."

"ஜாஸ்தி வெளுப்பா இருந்தாத்தான் பொய்ப்பல்லுன்னு தெரியும்," என்றார் ஏழுமலை மாமா. "இதான் சரி."

ரேவதி கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். ஒரு கணம். பிறகு சொன்னாள்:

"பரவால்ல."

சொல்லிவிட்டு உதட்டை மூடினாள். மத்தியானம் கடையின் ஷட்டரை இறக்குவதுபோல, சத்தமில்லாமல்.

இளைய நண்பர்களே, நம் தொழிலில் 'வலிக்குது' என்ற சொல் பயப்பட வேண்டியதே இல்லை. வலித்தால் ஊசி இருக்கிறது. 'பிடிக்கல' என்றாலும் பயமில்லை, பேசலாம். 'பரவால்ல'தான் ஆபத்து. நம் ஊரில் மனிதர்கள் ஓர் ஆசையைப் புதைக்கும்போது மேலே வைக்கிற கல் அது. டாக்டர் மனசு நோகக் கூடாது, அம்மா அலைச்சல் பட்டிருக்கிறாள், மாமா வண்டியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். எல்லாருக்காகவும் சேர்த்து ஒரு 'பரவால்ல'.

ஜெயா சிமெண்ட்டை நீட்டினார். இறுக ஆரம்பித்திருந்தது. எல்லாரும் சரி என்கிறார்கள். பல்லுக்கு உடையவளே சரி என்கிறாள். நாளை விடிந்தால் முகூர்த்தம். ஒட்டிவிட்டால் ஒருவரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை.

வாங்கிக் குப்பைத் தொட்டியில் வழித்துப் போட்டேன்.

"என்னா டாக்டரம்மா?" என்று எழுந்தார் மாமா.

"பல்லு சரியில்ல. தப்பு என்னோடது. அன்னைக்கு மஞ்சளோட நிறம் பாத்துட்டேன். இப்பவே கெளம்பி கடலூர் போனா, செய்யுறவரு நேர்ல பாத்து மாத்திக் குடுப்பாரு. ரேவதியும் வரணும்."

மாமா இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்தார். "ஆவாது. காப்பு கட்டியாச்சு. காப்பு கட்டுன பொண்ணு ஆறு தாண்டக் கூடாது. கடலூருன்னா வெள்ளாறு குறுக்க வருது."

"சிதம்பரம் வந்தீங்களே?"

"இது நம்ம கரை. அது அந்தக் கரை."

பாலமுருகனைக் கூப்பிட்டேன். "நான் கெளம்பி வந்து பாத்துட்டு, திரும்பி வந்து அடுப்புல ஏத்துனா பொழுது போயிடும் மேடம்," என்றார். அடுப்பு அங்கே, வாய் இங்கே, நடுவில் ஆறு. அப்போது நாற்காலியிலிருந்து ரேவதி கேட்டாள், வாயைக் கையால் மறைத்தபடி:

"மாமா, பொண்ணுதான தாண்டக் கூடாது? பல்லு தாண்டலாம்ல?"

மாமா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "பல்லுக்குக் காப்பு கட்டல," என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆனால் நிறம்? நான் ஷேட் கைடை எடுத்து எண் சொல்ல ஆரம்பித்தேன். போனில் பாலமுருகன் தடுத்தார். "நம்பர் வேணாம் மேடம். பொண்ணுகிட்டக் குடுங்க." போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"தங்கச்சி, வச்சது உனக்கு எப்படித் தெரியுது? மஞ்சளாவா?"

ரேவதி என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. தலையசைத்தேன்.

"மஞ்சளு கொஞ்சம்தாண்ணே. அது கெடக்கட்டும். இது..." கண்ணாடியில் மறுபடி பார்த்தாள். "இது வெந்த கணவா மாதிரி இருக்குது. என் பல்லு பச்சக் கணவா."

கணவாய் மீனைத் தோல் உரித்துப் பாருங்கள். பச்சையாக இருக்கும்போது வெளிச்சம் உள்ளே புகுந்து, கொஞ்சம் தங்கி, பிறகு வெளியே வரும். சட்டியில் போட்ட அடுத்த நொடி அந்த வெளிச்சம் செத்து, சுண்ணாம்புபோல் மூடிக்கொள்ளும். நான் மஞ்சளா வெளுப்பா என்று முட்டிக்கொண்டிருந்தேன். அவளோ நிறத்துக்கு அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டாள். நான் வைத்த பல்லில் வெளிச்சம் நுழையவே இல்லை!

போனில் பாலமுருகன் கத்தினார். "ஆமாம் மேடம்! அந்த நம்பர் வரணும்னு வெளிச்சம் போகாத பூச்சால அடியிலேர்ந்து மூடிட்டேன்! கொண்டாங்க, கொண்டாங்க!"

தற்காலிகப் பல்லைத் திரும்ப மாட்டி ரேவதியை அம்மாவோடு மினிபஸ்ஸில் கிள்ளைக்கு அனுப்பினோம். காத்திருந்தவர்களிடம் ஜெயா மன்னிப்புக் கேட்டார். நான் குட்டியானையில் ஏறினேன், உள்ளங்கையில் சின்ன டப்பா, டப்பாவில் ஒரு பல். மாமா ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு மூச்சு போதாது. வண்டி குதிக்கும்போதெல்லாம் நான் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், பிள்ளையைப்போல. வெள்ளாற்றுப் பாலத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்தார். தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஆத்தா, பல்லு மட்டும்தான் போவுது. பொண்ணு வூட்டுல இருக்குது. கோச்சுக்காத."

லேபில் பாலமுருகன் ஏற்கெனவே அடுப்பைச் சூடேற்றி வைத்திருந்தார். டப்பாவைத் திறந்து ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "வெந்துதான் போச்சு," என்று முனகினார். மேல் பீங்கானைச் சுரண்டி எடுக்க உட்கார்ந்தார். நான் திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணோம். வண்டியையும் காணோம்.

முக்கால் மணி நேரத்தில் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"துறைமுகம் போயிட்டு வந்தேன். ஐஸ்ல போட்டது ஆவாது, வெளுத்துடும். இது இப்பதான் எறங்குச்சு."

தோல் உரித்த கணவாய். அதில் ஒரு துண்டை அறுத்து, பாலமுருகனின் கண்ணாடிப் பலகையில், பீங்கான் பொடிகளுக்கு நடுவே, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். லேபில் வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். பாலமுருகன் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"புழுங்கலரிசி," என்றார். "பழுப்ப மட்டும் எடுத்துட்டா, அப்பிடியே புழுங்கலரிசி."

"கணவாய்யா," என்றார் மாமா.

"அரிசி மாமா."

"கணவா."

வாதம் நடந்துகொண்டே இருந்தது, கை வேலை செய்துகொண்டே இருந்தது. நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் படித்ததும் பழகியதும் எல்லாம் ஒரு மூலையில் கைகட்டி நிற்க, ஒரு நெல்காரரும் ஒரு மீன்காரரும் ஒரு பல்லைப் பிறப்பித்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது.

நாலு மணிக்குப் பல் அடுப்பிலிருந்து வந்தது. ஆறியது. பாலமுருகன் அதைக் கணவாய்க்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் வெளிச்சம் ஒரேமாதிரி உள்ளே போய் வந்தது. மாமா பையைக் கட்டி எடுத்துக்கொண்டார், கொழம்புக்காகும் என்று.

திரும்புகிற வழியில் சிதம்பரத்தில் ஒட்டுகிற சாமான்களை எடுத்துக்கொண்டு கிள்ளைக்கே போனோம். ஐந்தரை மணி, வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. பந்தலுக்கு வெளியே, வடக்குப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னேன். முதலில் ரேவதியின் முகத்தில் மறுபடி பூசியிருந்த மஞ்சளைச் சுத்தமாகத் துடைத்தேன். அத்தை வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். தற்காலிகப் பல்லைக் கழற்றி உறையை வைத்தேன். சுற்றி முப்பது பேர் குனிந்து நின்றார்கள். கண்ணாடியைக் கொடுத்தேன். போனில் பாலமுருகன் காத்திருந்தார்.

ரேவதி பார்த்தாள். கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தாள். வெயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். என் இதயம் பந்தல்காலில் கட்டிய வாழைமரம்போல ஆடியது. பரவால்ல என்று மட்டும் சொல்லிவிடாதே பெண்ணே.

"தங்கச்சி," போன் கேட்டது, "வெந்துச்சா, வேகலையா?"

"வேகலண்ணே!" என்றாள். "வேகவே இல்ல!"

சொன்னவள் சிரித்தாள். கை வாய்க்குப் போகப் பார்த்தது, பாதி வழியில் எதற்கு என்று மறந்து நின்றது. ஒட்டுவதற்காக நான் அவளை வாயை அசைக்காமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டியிருந்தது; அதற்குத்தான் அன்று நான் பட்ட பாடு.

மறுநாள் முகூர்த்தத்துக்கு நானும் பாலமுருகனும் போயிருந்தோம். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து பெண்ணின் முகத்தைப் பார்க்கவே இல்லை, பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் அதே போட்டோக்காரர். ஐயர் ஏதோ சொன்னார், ரேவதி சிரித்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், சிரித்தாள். நாத்தனார் முடிச்சுப் போடத் தடுமாறினாள், அதற்கும் சிரித்தாள். எல்லாப் படத்திலும் தலை ஆடி முகம் கலங்கிப் போனது. போட்டோக்காரர் பொறுக்க முடியாமல் கேமராவை இறக்கினார்.

"அம்மாடி, உன் கால்ல விழுறேன். தாலியோட ஒரு படத்துக்காவது வாயக் கொஞ்சம் மூடு!"

கீழேயிருந்து ஏழுமலை மாமா எழுந்து நின்று குரல் கொடுத்தார்:

"பதினோரு வருஷ லோடுய்யா. எறங்கட்டும் வுடு!"